வழிகாட்டிக்கு இடம் எங்கே?

கல்லூரி விடுமுறை தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இளைஞர் தம் மோட்டார் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, சக்கரங்களுக்குக் காற்றடித்து, சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை சென்று வர ஆயத்தமாகிறார். வழி சொல்லும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று அவர் கையில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறிய கருவி. அதை வண்டியில் எங்கே பொருத்துவது? ஹேண்டில்பாரின் நடுவிலா? இடக் கைப்பிடியின் அருகிலா? பெட்ரோல் டாங்கியின்மேல் கட்டும் பையிலா? அல்லது வேகமானிக்கு மேலே, காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலா? இளைஞர் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

இரண்டு திருகாணிகளை முடுக்கினால் தீர்ந்துபோகும் இச்சிறு காரியத்தைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி சிறியதுதான், ஆனால் அது பழைய கேள்வி. அந்த இளைஞருக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, கடலோடிகள் இதே கேள்வியைக் கேட்டார்கள். அறிஞர்கள் இதன்பொருட்டு ஒருவரோடொருவர் வாதிட்டார்கள். விடை பிழைத்தபோது மக்கள் கூட்டமாக மாண்டதும் உண்டு. வழிகாட்டும் கருவியைக் கண்டுபிடித்த வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கண்டுபிடித்த கருவியை எங்கே வைப்பது என்று மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதனை இன்று சற்றே பார்ப்போம்.

காந்த ஊசி வடக்கு நோக்கி நிற்கும் என்பதை முதலில் அறிந்தவர்கள் சீனர்கள். பின்னர் அரபு நாட்டு மாலுமிகளும் ஐரோப்பிய மாலுமிகளும் அதனைக் கப்பலில் கையாண்டனர். கப்பலில் திசைகாட்டிக்கு உரிய இடம் எது? சுக்கான் பிடிப்பவனின் கண்ணெதிரே என்பதே நெடுங்காலமாக வழங்கிவந்த விடை. அவனுக்கு முன்னால் ஒரு மரப்பெட்டியை நிறுத்தி, அதற்குள் திசைகாட்டியை வைத்தார்கள். இரவில் படிப்பதற்காக உள்ளே ஒரு விளக்கும் வைத்தார்கள். நம் வீட்டு விளக்குமாடத்தை ஒத்தது அந்தப் பெட்டி. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் பெயர்களும், சிற்றில்லம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவையே. ஆதலின் நாமும் அதனை மாடம் என்றே குறிப்போம்.

அந்த மாடத்தைச் செய்வதில் ஒரு விதி இருந்தது. பலகைகளை மரமுளைகளால்தான் இணைக்கவேண்டும். இரும்பாணி அடிக்கக் கூடாது. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கடல் அகராதிகளே இதை எழுதிவைத்தன. இரும்பாணி காந்த ஊசியைத் தன்பால் இழுத்துவிடும் என்பதை மாலுமிகள் பட்டறிவால் உணர்ந்திருந்தார்கள். ஓர் ஆணிக்கு அஞ்சிய அவர்கள், அருகிலேயே நிறுத்தியிருந்த பீரங்கிகளையும், கனத்த நங்கூரங்களையும், கப்பலின் உடம்பெங்கும் பாய்ந்திருந்த இரும்புப் பட்டைகளையும் அவ்வளவாக எண்ணிப் பார்க்கவில்லை.

அதனை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தவர் மாத்யூ பிளிண்டர்ஸ் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி. 1801ஆம் ஆண்டு அவர் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கப்பலில் புறப்பட்டு ஆஸ்திரேலியாவின் கரையைச் சுற்றி அளந்தார். அளக்கும்போது அவருக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. கப்பல் கிழக்கு நோக்கிச் செல்லும்போது ஊசி ஒருவகைப் பிழை காட்டியது. மேற்கு நோக்கித் திரும்பினால் பிழை எதிர்ப்புறமாக மாறியது. திசைகாட்டியைக் கப்பலின் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தால் வெவ்வேறு விடை கிடைத்தது. கருவியில் குற்றமில்லை, கருவி இருந்த இடத்தில்தான் குற்றம் என்று அவர் தெளிந்தார். கப்பலில் உள்ள இரும்பே ஊசியைத் திசை திருப்புகிறது என்றும் கண்டார்.

ஊர் திரும்பும் வழியில், 1803ஆம் ஆண்டின் இறுதியில் மொரீஷியஸ் தீவை அடைந்த அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் சிறைப்படுத்தினார்கள். 1810 வரையில் அவரால் அத்தீவை விட்டு வெளியேற முடியவில்லை. ஆயினும் அங்கிருந்தபடியே இந்த ஆராய்ச்சியை எழுதி இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அது 1805இல் வெளியாயிற்று. திசைகாட்டியின் அருகே செங்குத்தாக ஓர் இரும்புத் தண்டை நிறுத்தினால், கப்பலின் இரும்பு செய்யும் தீங்கைச் சரிக்கட்டலாம் என்பது அவருடைய கருத்து. முள்ளை முள்ளால் எடுப்பது போன்ற உபாயம் இது. இன்றும் கப்பல் மாடங்களில் உள்ள அத்தண்டு 'பிளிண்டர்ஸ் தண்டு' என்றே வழங்குகிறது.

மரக்கப்பலில் சிறு தொல்லையாக இருந்தது, இரும்புக் கப்பல் வந்ததும் பெருந்தொல்லையாகிவிட்டது. கப்பலின் உடம்பு முழுவதுமே இரும்பானபோது மாடத்தை மரமுளையால் செய்து என்ன பயன்? 1838ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசின் வானியலறிஞராக இருந்த ஜார்ஜ் ஏரியிடம் இச்சிக்கல் ஒப்படைக்கப்பட்டது. அவர் தேம்ஸ் நதிக்கரையில் டெப்ட்போர்டு என்னுமிடத்தில் 'ரெயின்போ' என்னும் இரும்பு நீராவிக் கப்பலை எல்லாத் திசைகளிலும் சுற்றித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் ஊசி காட்டும் பிழையை அளந்தார். பிறகு திசைகாட்டியின் அருகே காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் கணக்கிட்டு வைத்து அப்பிழையைப் போக்கினார். கருவியைச் சுக்கான் பிடிப்பவன் கண்ணெதிரேயே வைக்கலாம். அங்கே நேரும் பிழையைக் கணக்கால் திருத்திக்கொள்ளலாம் என்பது ஏரியின் கொள்கை.

இக்கொள்கையை எதிர்த்தவர் வில்லியம் ஸ்கோர்ஸ்பி. திமிங்கில வேட்டைக் கப்பலில் தலைவராகக் கடலோடி, பின்னர் சமய குருவாகவும் விஞ்ஞானியாகவும் விளங்கியவர். கப்பலைக் கட்டும்போது சம்மட்டி அடியால் இரும்பில் ஏறும் காந்தம் நிலையானதன்று. கடலில் அலைமோதும்போது அது மாறிவிடும். துறைமுகத்தில் வைத்துச் செய்த கணக்கு நடுக்கடலில் பொய்த்துப்போகும் என்று அவர் வாதிட்டார். ஆதலின் திசைகாட்டியைக் கப்பலின் இரும்பிலிருந்து எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி, பாய்மரத்தின் உச்சியில் வைக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

அவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கொடிய நிகழ்ச்சி நேர்ந்தது. 'டெய்லர்' என்னும் புதிய இரும்புப் பாய்க்கப்பல், 1854ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் லிவர்பூலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தை நோக்கித் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. அதில் 650 பேருக்கு மேல் இருந்தார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் புதுவாழ்வு தேடிக் குடும்பத்தோடு புறப்பட்ட எளிய மக்கள். அதன் திசைகாட்டிகள் துறைமுகத்தில் சரிசெய்யப்பட்டவையே. ஆயினும் கடலுக்குள் சென்றபின் அவை ஒன்றோடொன்று முரண்பட்டன. ஐரிஷ் கடலின் நடுவே தெற்கு நோக்கிச் செல்வதாக மாலுமிகள் எண்ணினார்கள்; கப்பலோ மேற்கே அயர்லாந்தின் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் டப்ளினுக்கு அருகேயுள்ள லாம்பே தீவின் பாறைகளில் அது மோதி உடைந்தது. கப்பலில் இருந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உயிர்தப்பிய பெண்களும் குழந்தைகளும் மிகமிகச் சிலரே. சுக்கானின் சிறுமை, கயிறுகளின் புதுமை என்று வேறு காரணங்களும் கூறப்பட்டன. எனினும் முதற்காரணம் திசைகாட்டியின் பிழையே என்று கருதப்பட்டது.

ஸ்கோர்ஸ்பி வாதத்தோடு நிற்கவில்லை. 1856ஆம் ஆண்டில், அறுபத்தாறாம் வயதில், தம் கொள்கையைச் சோதிப்பதற்காகவே 'ராயல் சார்ட்டர்' என்னும் இரும்புக் கப்பலில் ஏறி ஆஸ்திரேலியாவுக்குச் சென்று திரும்பினார். கப்பல் பூமியின் தென்பாதிக்குச் செல்லச்செல்ல அதன் காந்தம் மாறுவதையும், பாய்மரத்தின்மேல் வைத்த திசைகாட்டி உண்மையைச் சொல்வதையும் கண்டார். மறு ஆண்டிலேயே அவர் காலமானார்.

ஆனால் ஸ்கோர்ஸ்பியின் விடையிலும் ஒரு குறை இருந்தது. பாய்மரத்தின்மேல் இருக்கும் திசைகாட்டி உண்மையைச் சொல்லலாம். அதைச் சுக்கான் பிடிப்பவன் எப்படிப் படிப்பான்? ஒருவன் மேலே ஏறிப் பார்த்துக் கீழே சொல்லவேண்டும். புயலடிக்கும் இரவில் அது ஆகிற காரியமா?

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். வழிகாட்டும் கருவி பற்றிய சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கருவிக்கு உகந்த இடம் ஒன்று. கண்ணுக்கு உகந்த இடம் மற்றொன்று. கருவி உண்மையைச் சொல்லும் இடத்தில் மனிதனால் அதைப் பார்க்க முடிவதில்லை. மனிதன் பார்க்கக்கூடிய இடத்தில் கருவியால் உண்மையைச் சொல்ல முடிவதில்லை. இவ்விரண்டையும் எப்படி இணைப்பது?

அதற்கு வழி கண்டவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்ற வில்லியம் தாம்சன். 1876ஆம் ஆண்டில் அவர் உரிமைப் பதிவு செய்த திசைகாட்டி கண்ணெதிரேயே, மாடத்திலேயே இருந்தது. ஆனால் கனத்த ஊசிக்குப் பதிலாக, மெல்லிய சிறு ஊசிகள் எட்டைப் பட்டு நூலில் தொங்கவிட்டார். மாடத்தின் இருமருங்கிலும் இரண்டு இரும்புக் குண்டுகளை வைத்தார். உள்ளே காந்தங்களை வைத்தார். அவற்றை வேண்டும்போது நகர்த்தித் திருத்திக்கொள்ளவும் வகைசெய்தார். அதாவது, கண்ணுக்கு உகந்த இடத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் கருவி பிழையின்றி இயங்குவதற்கு வேண்டியவற்றையெல்லாம் செய்தார். 1889ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை அதனைத் தன் திசைகாட்டியாக ஏற்றது.

இனிக் கடலைவிட்டுச் சாலைக்கு வருவோம். 1885ஆம் ஆண்டு ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் செய்த மரச்சட்ட வண்டியை மோட்டார் சைக்கிளின் முன்னோடி என்பர். தொடக்கத்தில் இவ்வண்டியில் ஓட்டுபவன் பார்ப்பதற்கென்று கருவி எதுவும் இல்லை. பிறகு வேகமானி வந்தது. வந்ததும், அதை எங்கே வைப்பது என்ற அதே கேள்வியும் உடன்வந்தது. இடம் அகலமாக இருப்பது பெட்ரோல் டாங்கியின்மேல்தான். ஆதலால் சிலர் அங்கே வைத்தார்கள். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட வண்டியில் வேகமானி டாங்கியின் நடுவே அழகாக அமைந்திருந்தது. பார்வைக்கு அது எடுப்பானது. ஆனால் படிப்பதற்குத் தலையைக் குனியவேண்டும். இங்கிலாந்தின் டிரையம்ப் நிறுவனம் டாங்கியின்மேல் வைத்திருந்த அளவுமானிகளை 1949இல் முன்விளக்கின் கூட்டுக்குள் கொண்டுசென்றது. 1954இல் ராயல் என்பீல்டு நிறுவனமும் முன்விளக்கையும் வேகமானியையும் ஒரே வார்ப்புக் கூட்டுக்குள் அமைத்தது.

அந்தக் கூட்டை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட் வண்டியின் முகம் அதுதான். நடுவே பெரிய விளக்கு; அதன் இருபுறமும் புலிக்கண் போன்ற இரு சிறு விளக்குகள்; மேலே வேகமானி. சாலையைப் பார்க்கும் கண் சற்றே தாழ்ந்தால் போதும், வேகம் தெரிந்துவிடும். டாங்கியிலிருந்து விளக்குக் கூட்டுக்கு வேகமானி சென்றது ஒரு முழம் தொலைவுதான். ஆயினும் அந்த ஒரு முழத்தின் அருமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறது. தலையைக் குனிந்து, கருவியைப் படித்து, மீண்டும் நிமிர இரண்டு நொடி ஆகுமானால், அதற்குள் வண்டி 40 மீட்டர் ஓடிவிடும். அந்த 40 மீட்டரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்கே ஒப்பாகும். அவ்வளவில் ஒரு மாடு சாலையின் குறுக்கே வந்துவிடலாம். ஒரு குழந்தை வந்துவிடலாம்.

வேகமானி சென்ற வழியிலேயே வரைபடமும் சென்றது. நெடும்பயணம் செல்வோர் டாங்கியின்மேல் ஒரு பையைக் கட்டி, அதன் மேற்புறத்துக் கண்ணாடித்தாள் உறையில் வரைபடத்தை மடித்துவைப்பது வழக்கமாயிற்று. நின்று பார்த்துச் செல்வோருக்கு அது நல்ல துணை. ஆனால் நிற்காமல் விரைந்து செல்லும் பந்தய வீரர்களுக்கு அது போதவில்லை. 1977ஆம் ஆண்டில் சகாராப் பாலைவனத்தைக் கடக்கும் ஒரு பந்தயத்தில் தியேரி சபீன் என்னும் பிரெஞ்சு வீரர் மோட்டார் சைக்கிளோடு வழிதவறி, மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டார். மீண்டவர் பாலைவனத்தை வெறுக்கவில்லை; 1978ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பாரிஸிலிருந்து டக்கார் நகருக்குச் செல்லும் பெரும் பந்தயத்தைத் தொடங்கிவைத்தார்.

அப்பந்தயத்தில் வழி சொல்வது ஒரு நீண்ட காகிதச் சுருள். இத்தனை கிலோமீட்டரில் வலப்புறம் திரும்பு, இத்தனையில் பள்ளம் என்று படக்குறியோடு எழுதப்பட்டது. அச்சுருளை இரு உருளைகளுக்கிடையே ஓடவிட்டு, ஒரு பெட்டியிலிட்டு, ஹேண்டில்பாருக்கு மேலே, கண்மட்டத்தை ஒட்டி உயர்த்திப் பொருத்தினார்கள். பெட்டியைக் கையால் தொடாமலே சுருளை நகர்த்துவதற்கு, இடக் கைப்பெருவிரலுக்கு எட்டும் விசைகளும் பின்னாளில் வந்தன. வலக்கை விசைப்பிடியைவிட்டு அகலக் கூடாது. கண் மணலைவிட்டு அகலக் கூடாது என்பதே அந்த அமைப்பின் நோக்கம். கப்பலில் சுக்கான் பிடிப்பவன் முன் நின்ற பழைய மாடம் பாலைவனத்தில் மீண்டும் எழுந்தது என்று கூறினும் பொருந்தும்.

அதே 1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்கா ஜி.பி.எஸ். அமைப்பின் முதற் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. அது இராணுவத் தேவைக்காகத் தொடங்கிய திட்டம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்கள், அணுக் கடிகாரத்தின் துணையால் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அறிவிப்பு ஒளியின் வேகத்தில் வந்தும், நம்மை அடைய ஒரு நொடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. இந்த மிகச்சிறு தாமதத்தை அளந்து, ஒரு கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கருவி கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு கோள்களின் அறிவிப்புக் கிடைத்தால், தான் நிற்கும் இடத்தை அது சொல்லிவிடும். 1995இல் இந்த அமைப்பு முழுமையாக இயங்குவதாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பொதுமக்கள் பெறும் அறிவிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. கருவி 100 மீட்டர்வரை தவறக்கூடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அப்பிழையை நீக்கியது. அதன் பிறகே சாலைப் பயணிக்கு இக்கருவி நம்பத்தக்க துணையாயிற்று.

காந்த ஊசிக்குப் பகை இரும்பு. ஜி.பி.எஸ். கருவிக்கு இரும்பு அத்தகைய பகையன்று; ஆனால் அது வானத்தைப் பார்க்கவேண்டும். விண்ணிலிருந்து வரும் அலை மிகமிக நலிந்தது. உலோகத் தகடு மறைத்தால் அது வராது; மனித உடம்பு மறைத்தாலும் குறையும். முன்னோக்கிக் குனிந்து ஓட்டுபவரின் மார்புக்குக் கீழே, டாங்கிப் பையில் இருக்கும் கருவிக்கு வானத்தின் ஒரு பகுதி மறைந்துவிடுகிறது. மற்றொன்றும் உண்டு. டாங்கிப் பைகள் பலவற்றைக் காந்தத்தால் ஒட்டவைக்கிறார்கள். அக்காந்தம் செயற்கைக்கோளின் அறிவிப்பைக் கெடுப்பதில்லை. ஆனால் கைபேசிக்குள் இருக்கும் மின்னணுத் திசைகாட்டியைத் திகைக்கச் செய்துவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிளிண்டர்ஸ் கண்ட பேய் நம் பைக்குள்ளேயே குடியிருக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த கருவிகளும் வந்தன. கார்மின் நிறுவனம் 2006இல் வெளியிட்ட 'ஜூமோ 550' என்னும் கருவி மழையில் நனைந்தாலும் கெடாது, கையுறையோடு தொடலாம். அதன் விசைகள் இடப்புறத்தில் அமைந்திருந்தன. ஏன் இடப்புறம்? வலக்கை விசைப்பிடியில் இருப்பதால்தான். 2013ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 1200 ஜி.எஸ். என்னும் நெடும்பயண வண்டியில், அளவுமானிகளுக்கு மேலே கருவியை வைக்கவும், இடக் கைப்பிடியிலுள்ள ஒரு வளையத்தைச் சுழற்றி அதை இயக்கவும் வழிசெய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்பீல்டு நிறுவனம் 2020இல் மீட்டியார் 350 வண்டியில், வேகமானியின் அருகிலேயே ஒரு சிறு வட்ட முகப்பை வைத்தது. அதில் வரைபடமே இல்லை. எந்தப் பக்கம் திரும்பவேண்டும், எவ்வளவு தொலைவில் என்பதை ஓர் அம்புக்குறி காட்டும். ஒரு பார்வையில் படித்து முடிக்கக்கூடியது எதுவோ அதுவே ஓட்டுபவனுக்கு வேண்டியது என்னும் உண்மை அச்சிறு வட்டத்துள் அடங்கியிருக்கிறது.

கைபேசியையே வழிகாட்டியாகக் கொள்வோர் இன்று மிகுதி. அவர்கள் அதிர்வை மறந்துவிடக் கூடாது. ஆற்றல் மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறித் தன் கைபேசியின் காமிராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. இதற்காக ரப்பர் அல்லது சுருள்வில் வைத்த தாங்கிகள் கிடைக்கின்றன.

இப்போது நம் இளைஞரிடம் திரும்புவோம். அவர் இன்னும் வண்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான்கு இடங்கள் இருக்கின்றன.

டாங்கிப் பை முதலாவது. பொருத்துவது எளிது, அதிர்வு குறைவு, ஆனால் பார்வை சாலையைவிட்டு மிகக் கீழே இறங்குகிறது. இது கருவிக்கு உகந்த இடமேயன்றிக் கண்ணுக்கு உகந்ததன்று. இரண்டாவது, ஹேண்டில்பாரின் நடு. பார்க்க வசதியானது, எனினும் வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையும் மறைக்கிறதா, சாவித் துவாரத்தை அடைக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, இடக் கைப்பிடியின் அருகு. இடக்கைக்கு எட்டும், ஆனால் கிளட்ச் பிடிக்கும் ஹார்ன் விசைக்கும் இடையூறாகக் கூடாது. வண்டி சாய்ந்தால் முதலில் அடிபடுவதும் ஓரத்தில் இருப்பதே. நான்காவது, வேகமானிக்கு மேல், காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால். சாலையைப் பார்க்கும் கண்ணுக்கு மிக அருகில் இருப்பது இதுதான்; வானமும் தடையின்றித் தெரியும். ஆனால் இதற்கெனத் தனித் தாங்கி வேண்டும். வெயில் பட்டால் கண்கூசும். மிக உயர்த்தினால் சாலையையே மறைத்துவிடும்.

நம் இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. நான்காவது இடம் வண்டியில் உண்டானால் அதனைக் கொள்க. இல்லையேல் நடுவிடத்தைக் கொள்க. கண்ணுக்கு உகந்த இடத்தை முதலில் தேர்ந்து, அங்கே கருவிக்கு நேரும் இடர்களை ஒவ்வொன்றாகப் போக்குக. அதிர்வுக்கு ரப்பர் தாங்கி, வெயிலுக்குச் சிறு மறைப்பு, மழைக்கு உறை, மின்சாரத்துக்கு உருகிழையோடு கூடிய கம்பி என்று அவற்றைப் போக்கிவிடலாம். ஆனால் சாலையைவிட்டு விலகிய கண்ணுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித்திருத்தம், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி அறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது.

பொருத்தியபின் ஒரு சோதனையும் வேண்டும். ஏரி தம் கப்பலை எல்லாத் திசையிலும் சுற்றித் திருப்பிப் பார்த்தார் என்று சொன்னேன். நம் இளைஞரும் வண்டியின்மேல் அமர்ந்து, ஹேண்டில்பாரை இடக்கோடி வலக்கோடி வரை திருப்பிப் பார்க்கட்டும். கம்பி இழுபடுகிறதா? தாங்கி டாங்கியில் இடிக்கிறதா? பிரேக்கைப் பிடிக்க விரல் தாராளமாகச் செல்கிறதா? ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை இரவிலும் ஊருக்குள் ஓட்டிப் பார்க்கட்டும். செல்லவேண்டிய ஊரைக் கருவியில் குறிப்பது, வண்டி நிற்கும்போது செய்யவேண்டிய வேலை. தலைக்கவசத்துக்குள் குரலாக வழி கேட்கும் வசதி உண்டானால், கண்ணின் சுமை இன்னும் குறையும்.

'டெய்லர்' கப்பலில் சென்றவர்களிடம் திசைகாட்டி இல்லாமலில்லை; ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன. இருந்தும் அவர்கள் கரை சேரவில்லை. கருவி நம்மிடம் இருப்பது வேறு. அது உதவும் இடத்தில் இருப்பது வேறு. விண்ணிலே இருபதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் அறிவு நம் வண்டிவரை வந்துவிட்டது. வண்டியிலிருந்து நம் கண்ணுக்கு வரும் கடைசி ஒரு முழத்தைச் சரியாக அமைப்பது மட்டும் நம்முடைய பொறுப்பு.

அந்த இளைஞர் இப்போது திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் நலமாகக் குமரிமுனையைக் கண்டு, நலமாக வீடு திரும்புவாராக.